வேபரும் வேலப்பரும் ஒரு சம்பந்தமும்

முருகன் துணை

மங்கலம் ரோடு,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய சம்பந்தி, அவிநாசி வேல்குமார் அவர்களுக்கு ஞானசம்பந்தம் கைகூப்பி எழுதுவது.

இங்கே நானும், என் மனைவி சுப்பாத்தாளும், மகன் ராஜவேலும், எங்கள் நிட்டிங் மெஷின்களும் ஆண்டவன் தயவில் நல்லபடியாக இருக்கிறோம். (ஒரு மெஷினில் மட்டும் ஊசி உடைந்து துணியில் கோடு விழுகிறது. அது தொழில் விஷயம், சம்பந்தத்துக்குத் தடையில்லை.) அங்கே தாங்களும், தங்கச்சியம்மாவும், மருமகள் சண்முகப்பிரியாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். 'மருமகள்' என்று எழுதியதற்குத் தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நிச்சயதார்த்தம் இன்னும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நடக்கும் என்பதும் தெரியும்.

போனில் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போனைத் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் காலை வணக்கத்துக்கு நீலக் கோடு மட்டும் விழுகிறது, பதில் வணக்கம் வருவதில்லை. ஆகவே தரகர் சசிகுமார் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர்தானே தங்கள் சேதியையும் கொண்டுவந்தார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்காமல் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னுங்க சசிகுமாரு?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. அவிநாசிக்காரரு நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமுங்கறாரு. உங்க பரம்பரையில வெள்ளைக்காரன் ஒருத்தன் இருக்கறானாமா. அது தெளிஞ்சா அப்பறம் பேசிக்கலாமுன்னாருங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் மூக்கைப் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

தங்கள் மகள் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். பனியன் வாங்கும் பையர் ஒருவருக்கு அவர் அத்தை முறையாம். ஆர்டருக்காக வரவில்லை, தன் குடும்பத்தாள் ஒருவரைத் தேடி வந்திருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி அந்தக் காலத்தில் ஜெர்மனியை விட்டு, மலபார் பக்கம் மிஷன்காரர்கள் நடத்திய நெசவுச் சாலைக்கு வந்தாராம். அங்கே மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு பாலக்காடு வழியாக இந்தப் பக்கம் இறங்கியவர் திரும்பவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையைக் கம்பெனியில் நம் பிரியாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியில், பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி படித்தவராம். நமக்கு ரஷ்ய மொழி வராது. ஆகவே எல்லாப் பேச்சும் பிரியாவின் போன் வழியாகத்தான். அந்த அம்மா போனில் ஜெர்மன் பேசுவார், போன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தமிழில் சொல்லும். "என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வேபர். இந்தப் பகுதிக்கு வந்தார்" என்று போன் சொல்லியிருக்கிறது. நெசவுக்காரக் குடும்பம் என்றதும் பிரியாவுக்கு எங்கள் நினைவு வந்து, நேராக இங்கே அழைத்து வந்துவிட்டாள்.

அந்த அம்மாவின் பெயர் ஊட்டே. எங்கள் ராஜபாண்டிக்கு இது விளங்கவே இல்லை. ராஜபாண்டி எங்கள் யூனிட்டின் சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக எங்களோடு இருப்பவன். சுப்பாத்தாள் அவனிடம், "ஊட்டே நம்ம ஊட்டுக்கு வந்திருக்குதாமா, பால் வாங்கிட்டு வா கண்ணு" என்றாள். அவன் "எந்த வீடும்மா எந்த வீட்டுக்கு வருது?" என்று கேட்டுக்கொண்டே போனான். ஊட்டே அம்மா சுடச்சுடப் பிழிந்த அரிசிச் சந்தவையும் தேங்காய்ப்பாலும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். எங்கள் பழைய தறியில் ஊடு நூலை ஓட்டிய நாடாக் கட்டை ஒன்று அலமாரியில் இருந்தது, அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். சுப்பாத்தாளும் என்ன ஏதென்று கேட்காமல் கூடவே அழுதாள். கிளம்பும்போது பிரியா விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னாள்: "மாமா, வேபர், வேலப்பர்! உங்க ஊட்டுப் பேரும் அவிய பேரும் ஒண்ணாட்டமே இருக்குதுங்க."

அவ்வளவுதான் சம்பந்தி. எங்களை ஊரில் வேலப்பர் வீட்டார் என்பார்கள். என் பாட்டனாருக்குப் பாட்டனார் வேலப்பர், முருகப் பெருமானின் பெயர் தாங்கியவர், தறி ஓட்டியவர். யூனிட் பெயரும் ஸ்ரீ வேலப்பர் நிட்டிங். பிரியா சொன்னதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ராஜபாண்டியும் பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று சிரித்தான். பிறகு டீக்கடைக்குப் போனான். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் அவிநாசிக்கு வந்துவிட்டது. நான் அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "மொதலாளி, நான் ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். அதுவும் யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுதான் சொன்னேன்" என்றான். யாரிடம் என்று கேட்டேன். தரகர் சசிகுமாரிடமாம்.

ஊட்டே அம்மா மறுநாளே மலபார் பக்கம் தேடப் போய்விட்டார். தங்கள் சேதி வந்தது. நான் கலங்கவில்லை. வெள்ளைக்காரர் இல்லை என்று நிரூபிக்க ஒரு காலை நேரம் போதும் என்று முடிவு செய்து, ராஜபாண்டியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு மங்கலத்துக்குப் புறப்பட்டேன். வாயால் கெடுத்தவன் காலால் நடக்கட்டும் என்று எனக்கு ஒரு கணக்கு.

மங்கலத்தில் எங்கள் முன்னோர் குடியிருந்த வீதிக்கு இப்போது 'வேப்பமர வீதி' என்று பெயர்ப் பலகை இருக்கிறது. அந்த வீதி முழுக்கத் தேடினோம், ஒரு வேப்பமரமும் இல்லை. பவர்லூம் சத்தத்தில் எதைக் கேட்டாலும் எதிராளிக்குக் கேட்கவில்லை. கடைசியில் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், "ஏனுங்க, இங்க வேப்பமரம் எங்கீங்க?" என்று கத்தினேன். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மரமெல்லாம் எப்பவும் இல்லீங்க. இது வேப்பர் வீதிங்க. போர்டு எழுத வந்தவன், வேப்பர்னா என்ன, எழுத்து உட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு அவனே மரத்தைச் சேத்துப்போட்டானுங்க. போர்டு பொய்யாகக் கூடாதுன்னு வார்டு மெம்பரு ஒரு கன்னு கொண்டாந்து நட்டாரு. அதை ஆடு தின்னுபோட்டுதுங்க."

வேப்பர் வீதி! ராஜபாண்டி வாயைத் திறக்கப் போனான். "நீ பேசாதே" என்றேன். வேலப்பர் என்பது வாய் வழக்கில் லகரம் உதிர்ந்து வேப்பர் ஆகியிருக்கும், சந்தேகமே இல்லை என்று அவனுக்கு விளக்கினேன். அவன், "லகரம் உதிரலாம் மொதலாளி, வெள்ளைக்காரனுக்கு லகரம் முளைக்கவுஞ் செய்யலாம்லா?" என்று கேட்டான். அவனை நான் சூப்பர்வைசர் ஆக்கியதே தப்பு.

சரி, எழுத்தில் இருப்பதைப் பார்ப்போம் என்று எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். சின்னக் குன்றின் மேல் இருக்கும் அந்தக் கரட்டு முருகன் கோயில் படிகளில் ஒன்றை எங்கள் முன்னோர் போட்டுக் கொடுத்ததாகச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்து ஏறினேன். நடுப்பகுதியில் ஒரு படியில் 'வே' என்று இருந்தது, அப்புறம் கல் பெயர்ந்து ஒரு பள்ளம், அப்புறம் 'பர் உபயம்'. அந்தப் பள்ளத்தில் லகரம் இருந்ததா, இல்லையா? இதில்தான் என் மகன் கல்யாணமே தொங்குகிறது! எழுத்தின் மேல் மாவு தேய்த்தால் பள்ளம் மேடு தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். மாவு இல்லை, கோயிலில் விபூதி இருந்தது. நன்றாக அள்ளித் தேய்த்தேன். எழுத்து தெளியவில்லை. எடுப்பாகத் தெரியட்டும் என்று மேலே கொஞ்சம் குங்குமமும் போட்டேன். அப்போதும் தெளியவில்லை. அர்ச்சகர் வந்து, "அதுல லகரம் இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க, முருகனுக்குத் தெரியும் யார் போட்டாங்கன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறோம், அந்தப் படியின் முன்னால் இரண்டு பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "இந்தப் படிக்கட்டு முருகன் ரொம்ப சக்தியாமா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் ஒதுங்கி இறங்கிவிட்டேன். இப்போது அந்தப் படியை யாரும் மிதிப்பதில்லையாம், தாண்டித்தான் ஏறுகிறார்களாம். வயதானவர்களுக்குச் சிரமமாக இருப்பதாக அர்ச்சகர் போனில் வருத்தப்பட்டார்.

பிறகு ராஜபாண்டியே ஒரு யோசனை சொன்னான். அவன் போகும் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு, வெள்ளைக்காரர் கல்லறை ஒன்று இருக்கிறது, அங்கே வேபர் தனியாகப் படுத்திருந்தால் அவர் வேறு வேலப்பர் வேறு என்று ஆகிவிடும்தானே என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை. போனோம். ரோஸ்மேரி என்ற பெண்தான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறாள், ராஜபாண்டி ஊர்ப் பக்கம். கல்லைக் காட்டினாள். மழையில் கரைந்து எழுத்தெல்லாம் போய், கடைசியில் இரண்டே இங்கிலீஷ் எழுத்து நிற்கிறது: ஈ, ஆர்.

"வேபருக்கும் கடைசியில் ஈ ஆர்தானே!" என்றேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுல்லா சார்" என்றாள் ரோஸ்மேரி. "போன வருசம் ஒருத்தரு வந்து, எங்க தாத்தா பீட்டர்னு இதைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டுப் போனாரு. அதுக்கு முந்தி ஒரு அம்மா வந்து அலெக்சாண்டர்னு மாலை போட்டாவ. ஈ ஆர்ல முடியுத எல்லாரும் இங்கனதான் வாராவ. நானும் யாரையும் தடுக்குறதில்ல. இவருக்கும் வேற யாரு இருக்கா?"

சம்பந்தி, இந்த இடத்தில்தான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. 'இவருக்கும் வேற யாரு இருக்கா' என்று அந்தப் பெண் சொன்னதும் கல்லின் மேல் கிடந்த சருகுகளை நான் கையாலேயே தள்ளிவிட்டேன். எங்கேயோ பிறந்து, கப்பலேறி வந்து, பேரையும் தொலைத்துவிட்டு இரண்டு எழுத்தோடு படுத்திருக்கிறாரே, நான் இவரைப் போய் 'இல்லை, இல்லை' என்று நிரூபிக்க அலைகிறேனே என்று ஒரு வெட்கம் வந்தது. வீதிப் பெயர் வேப்பர். படியில் வே, பர். இங்கே ஈ, ஆர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். வேபர் வந்தார், வேப்பர் ஆனார், முருகன் அருளால் லகரம் சேர்ந்து வேலப்பர் ஆனார். எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது. நேரே கடைக்குப் போய்த் தேங்காய், பழம், சூடம் வாங்கி வந்தேன். ரோஸ்மேரி ஓடி வந்து, "சார், சார், மாலை போடுங்க, மெழுகுதிரி ஏத்துங்க, இங்கன தேங்கா மட்டும் உடைக்காதீங்க, ஃபாதர் வைவாவ" என்றாள். ஆகவே அவரை மனதில் நினைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ரோட்டில் உடைத்தேன். ஒரு தேங்காய்ச் சில்லு தெறித்து லோடு ஆட்டோவின் கண்ணாடியில் பட்டுவிட்டது. அந்த டிரைவர் பேசியதை எழுத இது இடமல்ல.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். சுப்பாத்தாள் தோசைக் கரண்டியோடு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செரிங்க ஜெர்மன்காரரே, கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டரைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்றாள். அவளுக்கு வரலாற்று உணர்ச்சி குறைவு. ஆனால் தொழிலில் எனக்கு அன்றைக்கே ஒரு மாற்றம் தெரிந்தது. எங்களிடம் இருக்கும் ஜெர்மன் மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்தது என்று நான் சொல்லிவிடுவேன், அது தங்களுக்கும் தெரியும். அது ஏன் எனக்கு மட்டும் கேட்கிறது என்று இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. இப்போது புரிந்தது. ரத்தம்!

பெயரை மூடி வைப்பது பாவம் என்று போர்டை மாற்ற ஏற்பாடு செய்தேன். தமிழில் 'வேபர் நிட்டிங்' என்று நான் எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன், அதுதான் தப்பு. போர்டு செய்தவர் நெட்டில் பார்த்துச் சரியான ஸ்பெல்லிங் போட்டிருப்பதாகச் சொல்லி மாட்டிவிட்டுப் போனார். நானும் திருப்தியாக டீ குடிக்கப் போனேன். அன்று மத்தியானமே ஒரு அம்மா உள்ளே வந்து, "அண்ணா, மசாலா போட்டது இருக்குதுங்களா, உப்புப் போட்டது மட்டுந்தானுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பின்னால் ஒரு பேக்கரிக்காரர் மொத்த விலை விசாரித்தார். வேலைக்கு வந்த சந்தனம்தான் போர்டைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மொதலாளி, வேஃபர்! வேஃபர் கம்பெனி!" என்றான். இங்கிலீஷில் உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு எழுதும் வேஃபரைப் போட்டுவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பீகார்ப் பையன். சிரித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவன், வருத்தப்பட்டேன் என்று நினைத்து ஆறுதலாக அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "பரவால்ல மொதலாளி. என் பேரு சந்தன்குமார். இங்க வந்தா ராஜபாண்டி அண்ணன் சந்தனம்னு எழுதிட்டாரு. பேங்க்ல போனேன், அங்கயும் சந்தனம். ரேஷன்லயும் சந்தனம். ஊர்ல அம்மாக்குப் பணம் போட்டா, அம்மா போன் பண்ணி அழுவுது, யாரோ சந்தனம் பணம் போடுறான், நீ ஏன் போடல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவன் மெஷின் பக்கம் திரும்பிப் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நாளைக்கு இவனுக்கு இங்கேயே கல்யாணமாகி, பிள்ளை குட்டி பிறந்து, சந்தனத்தார் வீடு என்று ஒரு வீடு மங்கலம் ரோட்டில் நிற்கும். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஒரு சம்பந்தி வந்து, 'உங்க தாத்தா எந்த ஊரு?' என்று கேட்டுவிட்டு எழுந்து போவார். சம்பந்தி, தாங்கள் எழுந்து போகவில்லை, தள்ளித்தான் வைத்தீர்கள், அது எனக்குத் தெரியும். நினைத்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததை நான் கவனிக்கவில்லை. ராஜவேல் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். சாப்பாட்டில் உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்து, அப்படியே எழுந்து போனான். நான் வேபர் பரம்பரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். சுப்பாத்தாள் என் தட்டில் ரசத்தை டம்மென்று ஊற்றினாள். அப்போதும் புரியவில்லை. போர்டு மாட்டிய அன்று பிரியா ஸ்கூட்டரில் வந்தாள். தாங்கள் அனுப்பி வரவில்லை, தெரிந்தால் திட்டுவீர்கள், திட்டாதீர்கள். வாசலிலேயே நின்றாள். "மாமா, நான் விளையாட்டுக்குச் சொன்னதுங்க. அதைப் புடிச்சுட்டு எங்கப்பாவும் நிறுத்திட்டாரு, நீங்களும் நிறுத்த மாட்டீங்கறீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராஜவேல் உள்ளேயிருந்து வந்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "அப்பா, வேபரோ வேலப்பரோ, செத்துப்போனவருக்கு ஒரு பேரு இருந்தாச் சரி. நான் உசுரோட இருக்கறேனுங்க. எனக்குப் பிரியாவைப் புடிச்சிருக்குது. அதை எந்தப் படிக்கட்டுல எழுதோணும்?" என்றான்.

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தேன். நான் இவ்வளவு நாளும் அலைந்தது இவன் கல்யாணத்துக்காகத்தான். எந்த வளைவில் அதை விட்டுவிட்டு வேறு ரோட்டில் ஏறினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. ராஜபாண்டி மட்டும் மெல்ல, "மொதலாளி, கல்லறைத் தோட்டத்துலதான்" என்றான்.

ஆகவே சம்பந்தி, தங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஆமாம், எங்கள் பரம்பரையில் ஜெர்மன்காரர் ஒருவர் இருக்கிறார். வேபர் என்று பெயர். அதை நான் மறைக்கப் போவதில்லை, அதற்காகத் தலைகுனியப் போவதும் இல்லை. அவர் வந்தார், தறியில் உட்கார்ந்தார், இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தார், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார், முருகனுக்கு ஒரு படி போட்டார். அதற்கு மேல் ஒரு ஆள் நம் ஆள் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? திருப்பூரில் வந்தவர் யார், இருந்தவர் யார் என்று பிரிக்கத் தொடங்கினால் ஒரு பனியனுக்குக் கூடக் கை தைக்க ஆள் இருக்காது. என் மகன் நல்லவன். சொன்ன தேதிக்கு வேலையை முடிப்பான், பொய் சொல்லத் தெரியாது, கோபம் வந்தால் சாப்பிடாமல் இருப்பானே தவிர அடுத்தவரைச் சாப்பிட விடாமல் செய்ய மாட்டான். தங்கள் மகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் என் மூக்கைப் பார்க்க வேண்டுமென்றால் தரகரை அனுப்ப வேண்டாம், தாங்களே வாருங்கள். சந்தவை பிழிந்து போடச் சொல்கிறேன்.

தங்கச்சியம்மாவுக்கு சுப்பாத்தாள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். போன தடவை கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். தாங்கள் இருவரும் நீண்ட நாள் இருந்து, பேரன் பேத்திகளைத் தூக்கிக் கொஞ்ச, கரட்டு முருகன் துணை நிற்கட்டும். அந்தப் பேரன் பேத்திகள் எங்களுக்கும் பேரன் பேத்திகளாக இருக்கட்டும்.

தங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
ஞானசம்பந்தம்
(வேபர் வீடு)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து சசிகுமாரிடம் கொடுக்கப் போகும் நேரத்தில் ஊட்டே அம்மா மலபாரிலிருந்து திரும்பி வந்து இறங்கினார். போர்டைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் பிரியாவைப் பார்த்தார். பிரியா இந்த முறை போனை நம்பாமல், சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரை வீடியோ காலில் பிடித்தாள். நான் என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன், டீச்சர் அதை ஜெர்மனில் சொன்னார். ஊட்டே அம்மா முதலில் சிரித்தார், பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேபர் என்பது பெயரே இல்லையாம் சம்பந்தி. ஜெர்மனில் வேபர் என்றால் நெசவாளி. 'அவர் நெசவாளி' என்று அந்த அம்மா சொன்னதைத்தான் போன் 'அவர் வேபர்' என்று சொல்லிவிட்டது. ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நாங்கள் பழையபடி வேலப்பர் வீட்டார்தான். எங்கள் பரம்பரையில் ஜெர்மன்காரர் யாரும் இல்லை, இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

அப்படியானால் அவருடைய நிஜப் பெயர் என்ன என்று கேட்டோம். ஷேஃபர் என்றார். அதைக் கேட்டதும் பிரியா அப்படியே நின்றுவிட்டாள். "மாமா, அவிநாசியில எங்க ஊட்டை எல்லாரும் சேவரார் ஊடும்பாங்க, சேவூரார் ஊடுன்னும் சொல்லுவாங்க. ஆனா சேவூர்ல எங்களுக்கு ஒரு செண்டு நெலமில்ல, ஒரு சொந்தமில்ல. ஏன் அந்தப் பேருன்னு எங்கப்பாவுக்கே தெரியாதுங்க" என்றாள். ஊட்டே அம்மா தன் அண்ணன் இன்றைக்குத்தான் ஊரிலிருந்து அனுப்பிய பழைய போட்டோவைப் போனில் திறந்து காட்டினார். தறிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். ராஜபாண்டி, "அவிநாசி மொதலாளி எதுக்கு கோட்டு போட்டுருக்காவ?" என்று கேட்டான். அவனை யாரும் அதட்டவில்லை. சுப்பாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "மீசையை எடுத்துட்டா நம்ம சம்பந்தியேதான்" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு, நெற்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நிலை எல்லாம் தாங்கள்தான். ஷேஃபர் என்றால் ஆடு மேய்ப்பவர் என்று அர்த்தமாம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊட்டே அம்மா இப்போது பிரியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விடவில்லை. தங்களைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார். ஆகவே இந்தக் கடிதத்தோடு நாங்கள் எல்லோருமே சசிகுமார் பின்னால் வேனில் வருகிறோம். பெண் வீட்டாரின் பரம்பரை தெளியும் வரை நிச்சயத்தைத் தள்ளி வைக்கலாமா என்று ராஜவேலிடம் கேட்டேன். அவன் ஏற்கனவே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.